காரணக் கட்டம்

கொப்பியில் நாலு கட்டம் கீறித் தந்திருக்கிறார் முதலாளி.
திகதி, ஆட்கள், பக்கற், காரணம்.
காரணத்துக்கு ஒன்றரை அங்குலம்.
குறைந்தால் மட்டும் எழுது, என்றார்.

திங்கள் எண்ணூற்றிப் பத்து. கரண்ட் போனது.
செவ்வாய் எழுநூற்றி அறுபது.
ஹிதாயா வரவில்லை என்று எழுதினேன்.
களனி ஆறு அவள் வீட்டுக்குள் வந்து
அடுப்படியில் நிற்பதை
ஒன்றரை அங்குலத்துக்குள் எப்படி மடிப்பது.

புதன், மிளகாய் வறுத்த நாள்.
புகை இழுக்கும் விசிறி மூன்று மாதமாய்ச் சுற்றவில்லை.
ஒருத்தி தும்ம, அடுத்தவள் தும்ம,
மிக்சர் நிறுக்கும் தராசில் முள் நடுங்கும்.
"தும்மல்" என்றெழுதி வெட்டிவிட்டேன்.

கக்கூஸ் திறப்பு முதலாளியின் லாச்சியில்.
அதனால் எவரும் தண்ணீர் குடிப்பதில்லை.
இதை நான் எழுதவேயில்லை.

கம்பஸிலிருந்து ஒரு பெடியன்
வினாடி பிடிக்கும் கடிகாரத்தோடு வந்து
யோகமலரின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.
ஒரு பக்கற்றுக்குப் பதினொரு வினாடி.
பிறகு பதினான்கு.
பிறகு பத்தொன்பது.
ஏன் கூடுகிறது என்று சிங்களத்தில் கேட்டான்.
நீ நிற்கிறபடியால், என்றாள் அவள் தமிழில்.
பத்மலதா மொழிபெயர்க்காமல் சிரித்தாள்.

ஒட்டும் மெஷின் இருக்கிற மேசை
யாரோ கதிரையில் இருந்து சாப்பிடச் செய்தது.
எட்டு மணித்தியாலம் நின்றபடி அதற்குக் குனிந்தவர்கள்
கிராண்ட்பாஸ் லொறிகள் லைட் போடும் நேரம்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு
இரண்டு தவணையாய் நிமிர்வார்கள்.

வெள்ளிக்கிழமை பத்மலதா நாலு செங்கல் கொண்டுவந்தாள்.
தெமட்டகொடையில் வீடு உடைத்த இடத்தில் பொறுக்கி,
மா பேக்கில் சுற்றி,
பஸ்ஸில் மடியில் வைத்து.
கொண்டக்டர் இரண்டு டிக்கெட் கேட்டானாம்.
மேசையைத் தூக்கினோம், நானும் ஒரு மூலை.
காலுக்கு ஒன்று.

அன்று ஆயிரத்து நாற்பது.
ஹிதாயா அன்றும் இல்லை. விசிறியும் அப்படியே.
கூடினால் எழுதச் சொல்லவில்லைத்தான்,
இருந்தும் எழுதினேன்: செங்கல்.

சனி காலை
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார் முதலாளி.
யாரிது செங்கல், புதுசா?
ஓம், நாலு பேர், என்றேன்.
மேசையடிக்குப் போய்க் குனிந்தார்.
திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை.
அடிமட்டத்தை எடுத்து
அடுத்த பக்கத்தில் அந்தக் கட்டத்தை மட்டும்
அரை அங்குலம் கூட்டிக் கீறினார்.

திறப்பு இன்னும் லாச்சிக்குள்தான்.