ஒடுக்கு

வாங்குவதில் குறையில்லை.
தூரத்து வானிலை அறிக்கை,
புரியாத பாஷையில் ஒருவன் இருமுவது,
எல்லாம் வந்து சேர்கிறது
ஈசூனில் பத்தாவது மாடி, சாப்பாட்டு மேசைக்கு.
கொடுப்பதில்தான் கோளாறு.

உரிமம் எடுக்கவில்லை. அதனால்
ஏரியல் போகவேண்டிய முனையில்
நாற்பது வாட் பல்பு.
நான் பேசுவது வானத்துக்குப் போகாமல்
கண்ணாடிக்குள் எரிந்து தீரும்.
கசிகிற கொஞ்சத்தைப் பிடிக்க
குளியலறையில் சவரிராஜ்,
கவிழ்த்த வாளிமேல்,
மடியில் சின்ன ரேடியோவோடு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. ஓவர்."
"பல்லி பேசுற மாதிரி இருக்கு. ஓவர்."
ஓவர் சொல்ல அவரிடம் பொத்தானே இல்லை.
கதவு வழியாகக் கத்துகிறார்.

பல்பு எரிகிறது, துடிக்கவில்லை.
சக்தி போகிறது,
சொல் அதன்மேல் ஏறவில்லை.

வால்வுகளை மாற்றி மாற்றிச் செருகினேன்.
தகட்டில் இருநூற்றெண்பது வோல்ட்,
படத்தில் போட்டிருப்பதும் அதேதான்.
மெழுகு கசிந்த கப்பாசிட்டர் பதினொன்றையும்
போன மாதமே தூக்கிப் போட்டாயிற்று.
பழைய சாலிடர் ஒவ்வொன்றையும்
கோப்பிக் கடைச் சாப்ஸ்டிக்கால் தட்டினேன்
(உலோகத்தால் தட்டினால் சவரி தனியாளாகிவிடுவார்).
பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவள் நான்.
நடுவில் நின்றுபோன பெட்டிக்கு வெளியே நின்று
உள்ளே இருப்பவரைப் பேச வைக்கத் தெரியும்.
இது பிடிகொடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வெயில், நன்றாகப் பேசியது.
ஞாயிறு மழை. பல்லி.
திங்கள் ஏர்கான் போட்டுப் பார்த்தோம், பேசியது.
இன்றைக்கு மறுபடி மழை.

மூடியின் உட்புறம் ஒரு பென்சில் வரி, மலாயில்.
இழுவைப் படகில் இதைக் கையாண்டவன் எழுதியது.
துடைக்க மனமில்லாமல் விட்டுவைத்திருந்தேன்.
மழை பெய்தால் குரல் சின்னது.
கீழே 1966, டிசம்பர்.
ஒயர் புதிது, பெயிண்ட் புதிது, பாதி வால்வு புதிது.
அவனுடைய பழுது மட்டும்
அசலாக இருக்கிறது.

மைக்கைக் கழற்றியது அதற்கப்புறம்தான்.
முதலிலேயே கழற்றியிருக்க வேண்டும்.
உள்ளே கரிக்குருணை, கடுகைவிடச் சிறிசு.
குரல் நெருக்கினால் ஒட்டி, விட்டால் விலகி,
அந்தக் கூட்டத்தின் அசைவுதான் பேச்சு.
ஈரம் கண்டால் கட்டிக்கொள்ளும்,
மூடாமல் வைத்த உப்பைப் போல.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
இந்த மைக் என் கைக்கு வந்தபோது
விளிம்பில் ஒடுக்குகள், எட்டோ ஒன்பதோ,
எல்லாம் ஒரே பக்கம்.
பெட்டியின் வலது மூலையிலும்
அவற்றுக்குச் சோடியாக ஒரு சிராய்ப்பு.
முரட்டுப் பயல் என்று திட்டிக்கொண்டே
புட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து,
மூன்று பூச்சு சாம்பல் நிறம்.
இன்றைக்குக் கடையில் வாங்கியது மாதிரி இருக்கே
என்று சவரி சொல்ல
இரண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன்.

நோயைப் பென்சிலால் எழுதியவன்
மருந்தையும்தான் எழுதி வைத்திருக்கிறான்.
நான் வழித்துப் போட்டுவிட்டு
மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக்கைத் திரும்பப் பூட்டினேன்.
சன்னலில் மழை வலுத்தது.
கண்ணை மூடிக்கொண்டு, பெட்டி மூலையில்
ஒரு போடு.
புட்டி கொஞ்சம் தெறித்தது.
இன்னொரு போடு.
பொத்தானை அழுத்தி வாய் திறப்பதற்குள்
என் மூச்சுக்கே பல்பு நடுங்கியது.

ஒண்ணு ரெண்டு மூணெல்லாம் அலுத்துவிட்டது.
கையில் அகப்பட்ட பில்லைப் படித்தேன்:
மின்சாரம் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு,
குப்பை அள்ளுவதற்கு இவ்வளவு.
ஒவ்வொரு தொகைக்கும்
சுவரில் வெளிச்சம் ஏறி இறங்கியது.

"கேக்குதா? ஓவர்."
"கேக்குது. போன மாசத்துக்குப் பன்னெண்டு வெள்ளி கூட."
"ஓவர் சொல்லல."
"கால் மரத்துப்போச்சு. ஓவர்."