ஃபோவிங்கெல், இரண்டாம் மாடி

இந்த வீட்டில் இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.
அதைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தோக்கியோவுக்குத் தள்ளி ஏதோ ஒரு கடற்கரை வீடு.
மூன்று பெண்கள், மூன்று பையன்கள், ஒரே பிரிட்ஜ்.
எழுதிக் கொடுத்து ஒருவரும் பேசுவதில்லையாம்.
நவோயா தோடம்பழம் உரிக்கிறான், நார் நாராக.
"நாளைக்குக் கடலுக்குப் போவமா?"
சிஹோ பழத்தைப் பார்க்கிறாள்.
பதினொரு செக்கன். நான் எண்ணினேன்.
"கடல் குளிருமோ தெரியாது."
ஐயோ, முடிஞ்சுது, என்கிறாள் செலாம்,
தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு.

அவன் "ம்" என்றான்.
அடியில் ஓடும் ஜெர்மன் எழுத்து அதை "யா" என்கிறது.
ம் என்றால் என்னவென்று அறியாத எவனோ போட்ட எழுத்து.
அது ஆம் அல்ல,
கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற ம்.
எங்கள் வீட்டிலும் அதே ம் தான், பத்து நாளாக.

யசிந்தாவின் புதுத் தாச்சியை
எவர்சில்வர் அகப்பையால் கீறினது நான்.
அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.
தாச்சி இப்போது அவளுடைய கட்டிலுக்குக் கீழே,
துவாயில் சுற்றியபடி.
ஆனாலும் செவ்வாய் இரவு ஒன்பதுக்கு
வந்து சோபாவின் மற்ற நுனியில் இருக்கிறாள்.
நவோயாவுக்காக. எனக்காக இல்லை.

ஜன்னலுக்கு வெளியே தொங்கு ரயில்.
இந்த ஊரில் ரயில் எங்கள் உயரத்துக்கு ஏறி வரும்.
வெளிச்சப் பெட்டிக்குள் ஒரு கிழவர்,
லீக்ஸ் தண்டு நீட்டிய பை மடியில்,
நாலு செக்கன் எங்களைப் பார்க்கிறார்:
மூன்று பெண்கள், ஒரு சோபா, நடுவில் ஓர் இடைவெளி.
அவருக்கு விளங்கியிருக்கும்.

சிஹோ இப்போது தனியே ஒரு கோப்பை கழுவுகிறாள்.
ஒரே கோப்பை. மூன்று நிமிடம். கமரா அசையவில்லை.
வெல்ல ஒன்றுமில்லை, வெளியேற்ற ஆளுமில்லை,
எனக்கென்றால் கண் எடுக்க முடியவில்லை.
நவோயா வந்து துடைக்கிற துணியை எடுக்கிறான்.
அவ்வளவுதான்.
யசிந்தா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
தடிமனாகவும் இருக்கலாம்.

"கீறினது நான்" என்றேன்,
திரையைப் பார்த்தபடியே.
எண்ணினேன். ஆறு. ஏழு.
ஒன்பதில் அடுத்த ரயில் வந்து
கணக்கைக் குழப்பிவிட்டது.

"ம்" என்றாள்.

எந்த ம் என்று தெரியவில்லை.
செலாம் சத்தத்தைக் கூட்டினாள்.
அடுத்த பாகம் பன்னிரண்டு செக்கனில் என்றது திரை.
ஒருவரும் றிமோட்டை எடுக்கவில்லை.