காயம் நனையக் கூடாது

"காயம் நனையக் கூடாது" என்றேன்,
பதினோராம் தடவை.
களுவாஞ்சிக்குடியில், மருந்து கட்டும் அறையில்,
எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில்.

காலில் மஞ்சள் உறை,
புடவைக்கடைப் பை,
கணுக்காலில் இறப்பர் வளையம்.
அவிழ்த்ததும் வட்டைச் சேறு மணத்தது.
பெருவிரலுக்குப் பக்கத்து விரல்
நீலம் தாண்டிக் கறுத்திருந்தது.

கொப்பியில் பெயர் சீனித்தம்பி கனகேஸ்வரி.
வயது நாற்பத்து நான்கு.
பரம்பரையில் ஆருக்கும் சீனி வருத்தம் இருந்ததா?
சிரித்தாள்.
"அப்பாட பேரில மட்டுந்தான் மிஸ்."
அந்தச் சீனித்தம்பி
பாம்பு தீண்டிய இரவில், அம்பிளாந்துறைக் கரையில்,
பாதை வராமல் செத்தவர்.
வாவியில் ஆளையும் வண்டியையும் ஏற்றி மிதக்கிற
அந்த இரும்புத் தட்டுக்கு
எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர்.
பொழுது பட்டால் பாதை நின்றுவிடும்.
இக்கரை வெளிச்சங்களை எண்ணிக்கொண்டு கிடந்தாராம்.
இதை எழுதக் கொப்பியில் கட்டம் இல்லை.

கிளினிக் செவ்வாய்.
லோன்காரர் வருவதும் செவ்வாய்.
பத்துப் பெண்கள், ஒருத்திக்கு மற்றவள் பிணை;
ஒருத்தி வராவிட்டால் ஒன்பது பேரும்
எழும்ப ஏலாமல் அந்த வெயிலில் இருக்கவேணும்.
ஆகவே ஒரு செவ்வாய் அவர்களுக்கு,
ஒரு செவ்வாய் எனக்கு.
மாத்திரையையும் அந்தக் கணக்கில்தான்
பாதியாய் முறித்திருந்தாள்.

புல் புடுங்கப் போகாதே என்றேன்.
"போகல்ல எண்டா கட்டுக்காசு?"
தண்ணீருக்குள் நின்றால்தான் கூலி.
நான் தவிட்டரிசி சொன்னேன், கீரை சொன்னேன்,
நாளுக்கு அரை மணி நடக்கச் சொன்னேன்.
நடை என்றபோது மட்டும்
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
துறைக்கு மூன்று கட்டை
அந்தக் காலோடு நடந்துதான் வந்திருந்தாள்.

மார்கழி வெள்ளத்தில் பாதை ஓடவில்லை.
தை பிறந்து வந்தபோது
கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது.
மட்டக்களப்புக்கு அனுப்பும் துண்டில்,
காரணம் என்ற இடத்தில்,
'நோயாளியின் கவனயீனம்'.
வடிவான கையெழுத்து. என்னுடையது.

அம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது கேட்டாள்:
"மிஸ், ஒரு கால் இல்லாட்டி
லோன்ல ஏதும் குறைப்பாங்களா?"

மஞ்சள் உறை கட்டிலுக்குக் கீழே கிடந்தது.
எறிய எடுத்தவள்
ஏனோ கழுவினேன்.
காயத்துக்கென்று நான் கொடுத்த பிளாஸ்டர்களை
உறையின் ஓட்டைகளுக்கு ஒட்டியிருந்தாள்.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.
ஏழு ஓட்டை.
ஏழும் ஒழுங்காக.