செல்லும்

ஹராரே நகரம், ம்பாரே பேருந்து நிலையம்.
தக்காளிக் கூடைகளுக்கும் பழைய செருப்புக் குவியலுக்கும் நடுவே
ருவிம்போ மாச்சிங்குரா
கிழிந்த பணம் வாங்குகிறாள்.

கரும்பலகைத் துண்டில் சுண்ணக்கட்டி எழுத்து:
கிழிந்தது, எரிந்தது, எலி கடித்தது,
சட்டையோடு துவைத்தது,
எதுவானாலும் எடுக்கப்படும், டாலர்.
கடைசியில் மறக்காமல் ஒரு முற்றுப்புள்ளி.
முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

இருபதுக்குப் பதினான்கு தருவாள்.
மூலை போயிருந்தால் பதிமூன்று.
எண்ணில் ஓர் இலக்கம் காணவில்லையென்றால் பாதி,
அதற்கும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

அச்சடித்த நாட்டில் கிழிந்தால்
வங்கி வாங்கிக்கொண்டு புதிது கொடுக்குமாம்.
இங்கே வந்த தாளுக்கு ஊர் திரும்பும் வழி கிடையாது.
மார்க்கச்சைக்குள் வியர்த்து,
காலுறைக்குள் எட்டாக மடிந்து,
கருவாட்டுக் கைகளில் நாறி,
சுருள்முடிக்காரர் முகமே தேய்ந்து
மூக்கு மட்டும் மிஞ்சும்.
அவள் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசுவாள்,
கொடியில் கவ்வி மாட்டிக் காயவைப்பாள்,
மெல்லிய ஒட்டுத்தாளை வெட்டி
முதுகில் பொருத்துவாள்,
காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள் மாதிரி
மூச்சை அடக்கிக்கொண்டு.

வேறொரு பணத்தையும் அவளுக்குத் தெரியும்:
ஒன்றுக்குப் பின் பதினான்கு சைபர், சொந்த நாட்டுப் பணம்.
ரொட்டி வரிசையில் சேர்ந்தபோது ஒரு விலை,
கதவை எட்டியபோது இன்னொன்று.
சம்பளம் வாங்கிய நாளில்
பேருந்துக்குக் காசில்லாமல் நடந்தே வீடு போனாள்.
இன்றைக்கு அருவி பார்க்க வருகிறவர்கள்
அந்தத் தாளை டாலர் கொடுத்து வாங்கிப்போகிறார்கள்.
செத்த பிறகு விலை வந்தது அதற்கு.

செல்லும், செல்லாது என்கிறோம் நம் மொழியில்.
பணத்துக்குக் கால் இருப்பதை யாரோ முதலில் பார்த்திருக்கிறார்கள்.
அந்தக் கால் நம்முடையது என்பதையும் பார்த்தாரோ என்னவோ.

நாடுகள் நிலவறையில் வைத்திருப்பதற்குக் கையிருப்பு என்று பெயர்.
கை படாத இருப்பு.
ருவிம்போவின் கையிருப்பு ஒரு பால்மாவு டப்பா:
ஆயிரத்து அறுநூற்று நாற்பது,
ஒட்டுப் போடாத தாள்கள் மட்டும்,
மகளின் செவிலியர் படிப்புக்கு.
வாரம் இரண்டு முறை எண்ணுகிறாள்.

இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்கிறது வானொலியில் ஒரு குரல்.
நேற்றே முடிந்துவிட்டது என்கிறது மற்றது.
பேட்டரி தீருமே என்று அணைக்கிறாள்.

அன்று மாலை வந்தான் தப்ஃபுமனேயி,
லித்தியம் பாறையை பெய்ராத் துறைமுகத்துக்கு ஓட்டுகிறவன்.
நீட்டியது பச்சை இல்லை, சிவப்பு.
நடுவில் கிழிசல்.
சுரங்கத்துச் சமையற்காரனைச் சீட்டில் ஜெயித்தானாம்.
"இது செல்லுமா, அக்கா?"

ஒரு பணம் கிழிந்து வந்து அவள் முன்னால் கிடப்பதென்றால்
பல கை மாறியிருக்கிறது என்று பொருள்.
வெயிலில் பிடித்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியாது.
திருப்பினாள்.
ஏற்கெனவே ஒருமுறை ஒட்டியிருந்தார்கள்.
நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்;
நல்ல கை, பொறுமையான கை,
ஆனால் அவளுடையது இல்லை.
அப்படியானால் எங்கோ யாரோ
இதற்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

"நாலு டாலர்."
"ஏன் நாலு?"
"தெரியாததற்கு நாலு."
சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்,
நாலையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான்.

சிவப்புத் தாளை டப்பாவில் போடவில்லை.
டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
மழை வரும்போல் இருந்தது. பலகையை எடுத்து உள்ளே சாய்க்கப் போனவள்
நின்று, விரலை எச்சில் தொட்டு,
டாலருக்குப் பின்னால் இருந்த முற்றுப்புள்ளியைத் துடைத்தாள்.
கொஞ்சம் யோசித்து,
ஒரு காற்புள்ளி போட்டாள்.