மீதித் தேற்றம்

சாட்ஸ்வொர்த், சனிக்கிழமை. கோயில் மண்டபம்.
பத்து மணிக்குக் கரண்ட் போகுமென்று
எல்லாருக்கும் தெரியும், பெருமாளுக்கும்.
பெர்சி மூட்லி பலகையைக்
கதவு வெளிச்சத்துக்கு இழுத்து
மீதித் தேற்றம் நடத்துகிறார்.
விண்ணப்பம் நிரப்ப ஒரு மடிக்கணினி;
எட்டு மட்டும் விழாது.
பிறந்த தேதியில் எட்டு உள்ளவர்கள்
என் போனில்.

பின்கட்டில் பிரியாணி கட்டுகிறோம்.
நூற்றைம்பது டப்பா போனால்
ஒரு பிள்ளை வெஸ்ட்வில் வாசல் தாண்டும்.

திருஷாவின் அப்பா பஸ் ஓட்டுகிறார்.
அரசு உதவிக்கு அந்தச் சம்பளம் அதிகமாம்,
வங்கிக் கடனுக்குக் குறைச்சலாம்.
ஒரே சீட்டு.

நோக்வாண்டாவுக்கு உதவி உண்டு. மே மாதம் வரும்.
பதிவுக் கட்டணம் பிப்ரவரியில்.

என் நோட்டில்
வரவு என்றால் பிரியாணி,
செலவு என்றால் பிள்ளை.
மூன்றாவது பத்தி கிடையாது.

பணம் கட்டிய மறுநாள் நோக்வாண்டா வந்தாள்,
மழையில் நனைந்த ரசீதும்
டாக்சிக்குப் போக மிஞ்சிய பதினோரு ரேண்டுமாக.
"வச்சுக்கோம்மா" என்றேன்.
"மீதியை எழுதாட்டி
சார் மார்க் குறைப்பார்."
சிரிக்கவில்லை அவள்.

எங்கே எழுத?
பேனாவைக் கடித்தபடி யோசித்ததில்
அடுப்பில் வெங்காயம் கருகியது.
அந்த வாரம் சாப்பிட்டவர் எவரும்
குறை சொல்லவில்லை.