பதினொரு மீட்டர்

முதலில் ஆற்றை அதன் சரிவிலிருந்து கழற்ற வேண்டும்.
புசி ஆறு மேட்டில் பிறந்து கடலில் முடிகிறது;
அந்த இறக்கத்தைக் கழித்துவிட்டால்
தண்ணீர் எங்கும் பூச்சியம்.
அதன்பின் நிலம் ஒன்றைத்தான் சொல்லும்:
ஆற்றுக்கு மேலே நான் எத்தனை மீட்டர்.

பெய்ரா நகரத்து மாடியறையில்
மின்விசிறி நின்றுபோன ஒரு மதியம் இதைச் செய்தேன்.
மென்பொருளுக்குக் காசில்லை.
முகம் தெரியாத யார் யாரோ இரவில் விழித்து எழுதி
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டுப் போனது.
உயரத் தரவும் இலவசம்.
முப்பது மீட்டருக்கு ஓர் எண் என்று
விண்கலம் ஒன்று பூமியைத் தடவிப் பார்த்துச் சொன்னது.
எதைத் தடவியது என்று நான் கேட்கவில்லை.

தாழ்வுக்கு நீலம், உயர்வுக்கு வெள்ளை.
ஆறு கைவிட்ட பழைய வளைவுகள் எல்லாம்
திரையில் எழுந்து வந்தன,
கயிற்றை அவிழ்த்த பிறகும்
மாட்டின் கழுத்தில் மிஞ்சும் தடம்போல.
அழகாக இருந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நீலத்தின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கட்டம்.
ஷிதாகா குடியிருப்புக்குக் கிழக்கே. பதினொரு மீட்டர்.
சுற்றிலும் நான்கு.
இங்கே புயல் காப்பகம் கட்டலாம் என்று குறிப்பு எழுதினேன்:
இருநூறு பேர், ஒரு மருந்துப் பெட்டி, ஒரு ஜெனரேட்டர்.

ஃபெனியாஸின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம்.
ஜி.பி.எஸ். காட்டிய இடத்தில்
எலுமிச்சையை வைத்தால் உருளாத சமதரை.
மூன்று மஃபுரா மரங்கள்,
கிளையோடு கிளை பின்னி, வெயில் இறங்காத அடர்த்தி.
"உன் மலை இதுதான்," என்றான் ஃபெனியாஸ்.
விண்கலம் இலையைத் தரை என்று நம்பியிருக்கிறது.
நான் விண்கலத்தை நம்பியிருக்கிறேன்.

சோளம் காயவைத்துக்கொண்டிருந்த ஒலிந்தா சிமாங்கோ
என்ன தேடுகிறீர்கள் என்றாள்.
வரைபடத்தில் பிழை, இங்கே மேடு காட்டுகிறது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எத்தனை உயரம்?"
ஆற்றிலிருந்து பதினொன்று. தரையிலிருந்து ஏழு.
அண்ணாந்து, கிளை கிளையாகப் பார்த்தாள்.

"ஏழுவரை ஏறவில்லை. ஐந்தில் இருந்தோம்.
பதினேழு பேர், இரண்டு ராத்திரி.
அந்தக் கவட்டில் அல்பீனோவின் மனைவி,
பிள்ளையைக் கப்புலானா துணியால்
கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு.
எங்களுக்கு மேலே பாம்புகள்.
அவற்றுக்கும் இறங்க இடமில்லை, பேசாமல் இருந்தன.
மூன்றாவது மரத்தைப் பற்றிக் கேட்காதே."

கேட்கவில்லை.
பட்டையில் சேற்றுக்கோடு இருந்தது; டேப்பை நீட்டினேன்.
மூன்று மீட்டர் இருபது.
உண்மையான மேடு ஆறு கிலோமீட்டர் தள்ளி.
நடந்தால் ஒன்றரை மணி நேரம்.
"தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆனது?"
"சோறு வெந்துகொண்டிருந்தது," என்றாள்.

இரவு, அந்தக் கட்டத்தைத் தொட்டு
நான்கு என்று அடித்தேன்.
வெள்ளை நீலத்தில் கரைந்தது.
வெள்ளம் இனித் தடையின்றி அதன்மேல் ஓடும்;
கணக்கு நேராகிவிட்டது.

பிறகு தூக்கம் வரவில்லை.
புதிதாக ஓர் அடுக்கு திறந்து
அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
வகை என்ன என்று கேட்டது. மரம் என்று எழுதினால்
தாவரப் பட்டியலில் போய்ச் சேரும்;
காப்பகம் என்று எழுதினேன்.
கொள்ளளவு?
பதினேழு.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது மரம் நினைவுக்கு வந்தது.
பதினேழை அழித்தேன்.

கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டே
திரை விழித்திருக்கிறது.