ஈரப்பதம்

சேதராப்பட்டில், தகரக் கூரைக்குக் கீழே,
உடைக்கிற சத்தம் எட்டரைக்குத் தொடங்கும்.
தேங்காய் மாதிரி இல்லை.
உள்ளே தண்ணீர் இல்லாத சத்தம்.
மரத்திலேயே உலர்ந்து முடித்த சதை,
சாக்பீஸ் துண்டுகளாய்,
சிவப்பு நாரில் மாட்டிக்கொண்டு.

விலைச்சீட்டு பிரெஞ்சில் வந்திருந்தது.
கணக்கு பார்க்கும் ழெர்மேன் அக்கா வாசித்தார்:
"குரங்கு ரொட்டி. நாலு டன். டக்கார்."
மூட்டை இறக்கிய பாவாடை கேட்டான்,
"குரங்கு தின்றதையா
கிலோ ஆயிரத்து எண்ணூறுக்கு விற்கிறோம்?"
நம் பக்கம் இதற்குப் பெருக்கமரம் என்று பெயர்,
ஆனைப்புளி என்றும் சொல்வார்கள் என்றேன்.
"குரங்கா ஆனையா, ஒன்றைச் சொல்லு."
பையில் பாவோபாப் என்று அச்சடித்திருந்தது.

என் மேசையில் எல்லாமே எண்.
எண்பதாம் நம்பர் சல்லடை.
அரைவை உருளையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும்,
மாவு நாற்பது டிகிரி தாண்டாதபடி.
ஈரம் எட்டுக்கு மேல் போனால் பை கட்டக் கூடாது.
பைக்குள் காற்றை விரட்டி நைட்ரஜன்.
விதை எண்ணெய்க்கு, முகத்தில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள்.
ஓடு செங்கல் சூளைக்கு.
நாரை என்ன செய்வது என்று
இன்னும் யாருக்கும் தெரியாது, மூலையில் குவிகிறது.

ஐப்பசியில் இரண்டு இரவு கரண்ட் இல்லை.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நின்றுபோனது.
கட்டாமல் வைத்திருந்த அறுபது கிலோ
ஓட்டுக்குள் மாதக்கணக்காய்த் தாகத்தோடு கிடந்தது அல்லவா,
வங்கக்கடல் காற்றை மொத்தமாய்க் குடித்துவிட்டது.
காலையில் திறந்தால் பாறை.

"அறுபது டிகிரியில் உலர்த்தி
மறுபடி அரைத்தால் போச்சு" என்றார் முதலாளி.
ஒரு கிலோவை அப்படிச் செய்து பார்த்தோம்.
பார்வைக்கு அதே வெள்ளை.

ப்யூரெட்டிலிருந்து நீலம் சொட்டியது.
நல்ல மாவு பதினேழு மில்லிவரை
நீலத்தை விழுங்கி ஏதும் அறியாததுபோல் இருக்கும்.
இது ஒன்பதிலேயே
இளஞ்சிவப்பாகி நின்றுவிட்டது.
இன்னொரு முறை பார்த்தேன். ஒன்பது புள்ளி இரண்டு.

"லேபிள் ஏற்கனவே அடித்தாச்சே" என்றார்.
மாவு உலரும் சார், போன வைட்டமின் வராது.
ஒன்பது புள்ளி இரண்டு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
அவர் வெகுநேரம் மழையைப் பார்த்தார்.
அந்த மாதச் சம்பளம் பன்னிரண்டாம் தேதி வந்தது.

அன்று மதியம் பாவாடை ஒரு கட்டியை உடைத்துச்
சங்கரா மீன் குழம்பில் போட்டான்.
"புளிதானே, பேரிலேயே இருக்கே."
ழெர்மேன் அக்கா மூக்கைச் சுளித்து, உப்புக் கேட்டு,
மூன்றாம் முறை சோறு வாங்கினார்.
முதலாளியும் சாப்பிட்டார், நின்றுகொண்டே.

பிறகு ஒரு பழைய ஜெனரேட்டர் வந்தது, கடலூரிலிருந்து.
கரண்ட் இல்லாத காலைகளில்
அதன் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.
எட்டரை ஆனது எனக்கு
கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது.